வழக்கறிஞர் அலுவலகத்தில் அஜைல் முறையும் அறிவுச் சேகரமும்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: சென்னை பாரிமுனையில் என் தந்தையார் தொடங்கிய வழக்கறிஞர் அலுவலகத்தை இப்போது நானும் இரு பங்குதாரர்களும் நடத்துகிறோம். வழக்கறிஞர்கள் 14 பேர், குமாஸ்தாக்கள் 3 பேர். வணிக வழக்குகள், ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் முன் தீர்வு காண்பது), நிறுவனங்களுக்கான ஒப்பந்த ஆலோசனை ஆகியவையே பெரும்பகுதி வேலை. எங்கள் பெரிய கட்சிக்காரரான ஒரு நிறுவனம், இனி ஒவ்வொரு வழக்கின் நிலையையும் மாதந்தோறும் அறிக்கையாகத் தர வேண்டும், கட்டணத்தையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்கிறது. வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, அடிக்கடி சரிபார்த்துக்கொண்டே குழுவாக நகரும் அஜைல் முறைக்கு மாறுங்கள் என்று ஓர் ஆலோசகர் வற்புறுத்துகிறார். கடந்த ஆண்டு இரண்டு ஜூனியர்கள் விலகியபோது அவர்கள் தயாரித்த வரைவுகளும் அவர்களோடு போய்விட்டன. அடுத்த ஆண்டு எங்கள் மூத்த பங்குதாரர் ஓய்வு பெறுகிறார். அறிவுச் சேகரத்துக்கென்று வாங்கிய மென்பொருளை யாரும் திறப்பதில்லை. மென்பொருள் உருவாக்குவோருக்காக வந்த முறை நீதிமன்ற வேலைக்குப் பொருந்துமா? அஜைல் முறை, அறிவுச் சேகரம் ஆகிய இந்த இரண்டில் எதை முதலில் தொடங்குவது? செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றை வாங்கிவிட்டால் இவையெல்லாம் தேவைப்படாமல் போகுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை.

பதில்:

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அவர்களுக்கு,

உங்கள் கேள்விகளில் முதலில் விடை சொல்ல வேண்டியது, எதை முன்னால் தொடங்குவது என்பதற்கே. இரண்டையும் ஒரே வேலையாகத் தொடங்குங்கள். ஆனால் அலுவலகம் முழுவதிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ஜூனியர்கள் எழுதி முடித்து, மூத்த பங்குதாரரின் பார்வைக்காகக் காத்திருக்கும் வரைவுகள் இருக்கின்றனவே, அந்த ஓர் இடத்தில் தொடங்குங்கள். நான் ஆலோசனை கூறச் சென்ற அலுவலகங்களில் பெரும்பாலானவற்றில் வேலை தேங்குவது அங்கேதான். ஜூனியர் உண்மையாகவே தொழில் கற்றுக்கொள்வதும் அங்கேதான். தாமதத்தைக் குறைக்க ஒரு திட்டம், அறிவைச் சேர்க்க இன்னொரு திட்டம் என்று பிரித்தால், இரண்டாவது திட்டம் எப்போதும் நேரம் கிடைக்கும்போது செய்யும் வேலையாகிவிடும். வழக்கு நடத்தும் அலுவலகத்தில் அந்த நேரம் கிடைப்பதே இல்லை. நீங்கள் வாங்கிய மென்பொருள் திறக்கப்படாமல் கிடப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும்.

அஜைல், அறிவு மேலாண்மை ஆகிய இந்த இரண்டு துறைகளுக்கும் ஒரு பொதுவான வேர் உண்டு. 1986-இல் ஹிரோடகா டகேயுச்சி, இகுஜிரோ நோனகா என்ற ஜப்பானியப் பேராசிரியர்கள் இருவர் ஹார்வர்டு பிசினஸ் ரெவியூ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஹோண்டா, கேனன், ஃபூஜி-ஜெராக்ஸ் போன்ற நிறுவனங்கள் புதிய பொருள்களை விரைவாக உருவாக்கிய விதத்தை ஆராய்ந்து, ஒரு துறை தன் வேலையை முடித்து அடுத்த துறையிடம் கைமாற்றும் முறையைவிட, பல துறையினர் ஒரே குழுவாகத் தொடக்கம் முதல் இறுதி வரை சேர்ந்து நகரும் முறையே பயன் தந்தது என்று காட்டினார்கள். ரக்பி ஆட்டத்திலிருந்து ஸ்க்ரம் என்ற சொல்லை அவர்கள் அதில் எடுத்தாண்டார்கள். ஜெஃப் சதர்லேண்டும் கென் ஷ்வேபரும் மென்பொருள் துறைக்காக வகுத்து 1995-இல் முன்வைத்த, இன்று அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரம் அந்தக் கட்டுரைக்குக் கடன்பட்டது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸ்னோபேர்டில் கூடி அஜைல் அறிக்கையை வெளியிட்ட 17 பேரில் அவ்விருவரும் உண்டு. அதே நோனகாவும் டகேயுச்சியும், நிறுவனங்கள் அறிவை எப்படி உருவாக்குகின்றன என்பது பற்றி 1995-இல் எழுதிய நூலின் வழியே இன்றைய அறிவு மேலாண்மைத் துறைக்கு அடித்தளமிட்டவர்களில் முக்கியமானவர்களானார்கள். அனுபவசாலியிடம் ஊறிப்போயிருக்கும், அவராலேயே முழுமையாகச் சொல்லிவிட முடியாத அறிவு, சேர்ந்து வேலை செய்யும்போதுதான் மற்றவருக்குப் போய்ச் சேர்கிறது என்பது அவர்களுடைய அடிப்படைக் கருத்துகளில் ஒன்று. சீனியரின் அறையில் அமர்ந்து தொழில் பழகிய நமக்கு இது அந்நியமான கருத்து அன்று. அந்தப் பழக்கம் 14 பேர் கொண்ட அலுவலகத்தில் தானாக நடக்காது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

ஆனால் உங்கள் ஆலோசகர் ஸ்க்ரம் முறையை அப்படியே கொண்டுவரச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரத்துக்கு இன்னின்ன வேலை என்று முன்கூட்டியே முடிவுசெய்து, அதற்குள் புதிய வேலை நுழையாமல் காப்பதே அந்த முறையின் உயிர்நாடி. வழக்கு நடத்தும் அலுவலகத்தில் இது நடக்காது. மறுநாள் வழக்குப் பட்டியல் முந்தைய நாள் மாலையில்தான் கைக்கு வரும்; இடைக்காலத் தடையாணை கேட்டு ஒரு கட்சிக்காரர் நண்பகலில் வந்து நிற்பார்; மாதக்கணக்கில் பட்டியலுக்கு வராத வழக்கு திடீரென்று இறுதி வாதத்துக்கு வரும்; இரவெல்லாம் விழித்து ஆயத்தமாகப் போனால் எதிர்த்தரப்பு வாய்தா வாங்கிவிடும். உங்கள் நாளின் பெரும்பகுதியைப் பிறர் தீர்மானிக்கும்போது இரண்டு வார வாக்குறுதியைக் காப்பாற்ற முடியாது. ஒவ்வொரு முறையும் வாக்குறுதி தவறினால் ஜூனியர்களுக்கு அந்த முறையின்மேலேயே வெறுப்பு வந்துவிடும். ஆகவே நான் பரிந்துரைப்பது கான்பான் முறையை. டொயோட்டா தொழிற்சாலையில் டாய்ச்சி ஓனோ வளர்த்தெடுத்து, பின்னர் மென்பொருள் துறைக்கும் வந்த முறை அது. எந்த வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று எல்லோரும் பார்க்கும்படி வைப்பதும், ஒரு கட்டத்தில் ஒரே நேரத்தில் இத்தனை வேலைக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு கட்டுவதுமே அதன் சாரம். புதிய வேலை எந்நாளும் வரலாம். வரம்புக்குள் இடம் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் எதைத் தள்ளிவைப்பது என்பதை வெளிப்படையாக முடிவு செய்ய வேண்டும்.

இதற்கு உள்ளறையில் ஒரு வெள்ளைப் பலகை போதும். கட்சிக்காரர்கள் அமரும் அறையில் அதை வைக்க வேண்டாம். பலகையில் கட்சிக்காரர் பெயரும் வேண்டாம், அலுவலகக் கோப்பு எண் போதுமானது. பலகையில் வழக்குகளை ஏற்றாதீர்கள், வேலைகளை ஏற்றுங்கள். ஓர் உரிமையியல் வழக்கு எட்டு, பத்து ஆண்டுகள் நடக்கலாம். அதற்கென்று ஓர் அட்டை ஒட்டினால் அது அசையாமல் தொங்கும், ஒரு மாதத்துக்குப் பின் யார் கண்ணிலும் படாது. எதிருரை (பிரதிவாதியின் எழுத்துப் பதில்) தயாரித்தல், இடைக்கால மனுவுக்குக் கவுன்டர் (பதில் மனு), சாட்சியின் பிரமாண வாக்குமூலம் என்று ஒருவர் சில நாள்களில் முடிக்கக்கூடிய அளவுக்கு வேலையைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதுங்கள். எடுக்க வேண்டியவை, வரைவில் இருப்பவை, சீனியர் பார்வையில் இருப்பவை, கட்சிக்காரரின் தகவலுக்கோ கையொப்பத்துக்கோ காத்திருப்பவை, தாக்கலில் இருப்பவை, முடிந்தவை என்று கட்டங்கள் அமையட்டும். நம் கையில் இருக்கும் வேலையையும் பிறர் கையில் இருக்கும் வேலையையும் இப்படிப் பிரித்துக் காட்டுவது மிகவும் முக்கியம். வழக்கு நிலுவையில் உள்ளது என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டையும் போட்டு மூடிவிடும் பழக்கம் நம் தொழிலில் வேரூன்றியிருக்கிறது. கட்சிக்காரர்கள் நம்மிடம் நம்பிக்கை இழப்பதற்கு, தோற்ற வழக்குகளைவிட அந்த வாக்கியமே அதிகக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

வரம்பைப் பொறுத்தவரை, ஒரு ஜூனியரிடம் ஒரே நேரத்தில் இரண்டு வரைவுகளுக்கு மேல் வேண்டாம். சீனியர் பார்வை என்ற கட்டத்தில் ஐந்துக்கு மேல் வேண்டாம். ஐந்தும் நிறைந்துவிட்டால், ஆறாவது வரைவை முடித்து அடுக்குவதற்குப் பதிலாக, மூத்தவர் அன்று மாலையே உட்கார்ந்து இரண்டையாவது பார்த்துவிட வேண்டும், அல்லது எளியவற்றைப் பார்த்து ஒப்புதல் தரும் பொறுப்பை வேறொரு பங்குதாரருக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் மூவரில் யாருக்கும் இது முதலில் பிடிக்காது. ஜூனியர் வேலையில்லாமல் இருக்கிறாரே என்று மனம் உறுத்தும். ஆனால் பார்க்கப்படாத பத்து வரைவுகள் மேசையில் கிடப்பதால் எந்தக் கட்சிக்காரருக்கும் பயனில்லை. மூன்று வாரம் கழித்துத் திருத்தம் வரும்போது, தான் ஏன் அப்படி எழுதினோம் என்பதே ஜூனியருக்கு மறந்திருக்கும்; திருத்தியதைத் தட்டச்சு செய்துவிட்டு அடுத்த வழக்குக் கட்டை எடுப்பார், அந்தத் திருத்தத்திலிருந்து கற்க வேண்டியதைக் கற்காமலே போவார்.

ஒவ்வோர் அட்டையின் மேல் மூலையிலும், சட்டம் விதித்த கடைசி நாளைச் சிவப்பில் எழுதுங்கள். வாய்தா டைரியில் இருக்கும் தேதி வேறு, இது வேறு. சாதாரண உரிமையியல் வழக்கில் எதிருரைக்கு உரிய 90 நாள்களைக் கடந்தாலும் தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் ஏற்கக்கூடும் என்ற பழைய நினைப்போடு வணிக வழக்கை நடத்துபவர்களை இன்னும் காண்கிறேன். வணிக நீதிமன்றங்கள் சட்டம் 2015 அந்த இடத்தை அடைத்துவிட்டது: அழைப்பாணை பிரதிவாதிக்குச் சார்வு செய்யப்பட்ட (சேர்ப்பிக்கப்பட்ட) நாளிலிருந்து 120 நாள்கள் கடந்தால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே பறிபோகும் என்பதை உச்ச நீதிமன்றம் எஸ்.சி.ஜி. கான்ட்ராக்ட்ஸ் வழக்கில் 2019-இல் உறுதி செய்தது. ஆர்பிட்ரேஷன் தீர்ப்பை எதிர்த்து ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 34-ஆம் பிரிவில் மனு செய்ய மூன்று மாதம், போதிய காரணம் இருந்தால் மேலும் 30 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீதிமன்ற வேலைக்குத் திட்ட மேலாண்மை பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். வணிக வழக்குகளுக்காக உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 15-ஏ கட்டளை, வழக்கு மேலாண்மை விசாரணை ஒன்றை நடத்தி, ஒவ்வொரு கட்டத்துக்கும் நாள் குறித்து, அத்தகைய முதல் மேலாண்மை விசாரணையிலிருந்து ஆறு மாதத்துக்குள் வாதங்கள் முடிவதை உறுதி செய்யுமாறு நீதிமன்றத்துக்கே பணிக்கிறது. எல்லா நீதிமன்றங்களிலும் அது அப்படியே நடப்பதில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் நீதிபதி உண்மையாகவே கால அட்டவணை கேட்கும் நாளில், எந்த வேலைக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று சொல்லத் தெரிந்த வழக்கறிஞரின் பேச்சுக்குத் தனி எடை உண்டு.

தினக்கூட்டத்தைக் காலையில் வைக்காதீர்கள். காலையில் எல்லோரும் நீதிமன்றத்துக்கு ஓடும் அவசரத்தில் இருப்பார்கள். மறுநாள் பட்டியல் வந்தபின், மாலையில், பலகையின் முன் நின்றபடி 15 நிமிடம் போதும். குமாஸ்தாக்களும் அதில் நிற்க வேண்டும்.

இனி அறிவுச் சேகரத்துக்கு வருகிறேன். பலகையில் ஓர் அட்டை எப்போது முடிந்தவை என்ற கட்டத்துக்குப் போகலாம் என்பதற்கு ஒரு விதி செய்யுங்கள்: தாக்கல் ஆகி எண் கிடைத்தால் மட்டும் போதாது, அந்த வேலையைப் பற்றிய நான்கு வரிக் குறிப்பும் பொதுக் கோப்புறையில் சேர்ந்திருக்க வேண்டும். சீனியர் எதைத் திருத்தினார், ஏன் திருத்தினார், எந்தத் தீர்ப்பு உதவியது, அடுத்த முறை இதே வகை வேலைக்கு எந்த வரைவிலிருந்து தொடங்கலாம் என்பவை அதில் இருந்தால் போதும். எழுதுபவர் ஜூனியர், சரிபார்ப்பவர் சீனியர். நான் எதிர்பார்க்கும் குறிப்பு இப்படி இருக்கும்: நிலுவைத் தொகை கோரும் வழக்குரையில் (வழக்குத் தொடுக்கும் மனுவில்) காலவரையறை பற்றிய பத்தியைச் சீனியர் மாற்றினார். கடைசியாகப் பணம் செலுத்திய நாளையும், கடனை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்தையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்காமல் தனித்தனியாகச் சொல்லச் சொன்னார். காலவரையறைச் சட்டத்தில் ஒப்புதலுக்கு 18-ஆம் பிரிவும் தொகை செலுத்தியதற்கு 19-ஆம் பிரிவும் தனித்தனி ஆதாரங்கள் என்பதால் ஒன்று தோற்றாலும் மற்றது நிற்கும் என்றார். இதை எழுத ஐந்து நிமிடம் ஆகலாம். இப்படிப்பட்ட குறிப்புகள் நூறு சேர்ந்தால், புதிதாக வரும் ஜூனியருக்கு அவை எந்தப் பாடநூலும் தராத பயிற்சியைத் தரும். வழக்கு முழுவதும் முடிந்தபின் மொத்தமாக எழுதலாம் என்று விட்டால், அதற்குள் அந்த ஜூனியர் வேறு அலுவலகத்திலோ நீதிபதி இருக்கையிலோ இருப்பார்.

சேர்த்த குறிப்பு பழையதாகிவிடும் என்பதை நம் தொழிலில் வேறெந்தத் தொழிலையும்விடக் கடுமையாக எடுத்துக்கொள்ள வேண்டும். வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12-ஏ பிரிவு, அவசர இடைக்கால நிவாரணம் கோராத வழக்குகளில் முன்கூட்டிய சமரசப் பேச்சைக் கட்டாயமாக்குகிறது என்று பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய நல்ல வழக்குரை வரைவு ஒன்றை எடுத்து, பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றித் தாக்கல் செய்யும் ஜூனியர், வழக்குரையே நிராகரிக்கப்படும் ஆபத்தைக் கட்சிக்காரர் தலையில் ஏற்றுகிறார். முத்திரைத் தீர்வை செலுத்தப்படாத ஒப்பந்தத்தில் உள்ள ஆர்பிட்ரேஷன் உடன்பாடு செல்லாது என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 ஏப்ரலில் சொன்னதை, ஏழு நீதிபதிகள் அமர்வு அதே ஆண்டு டிசம்பரில் மாற்றியது; இடையில் எழுதப்பட்ட குறிப்பின் ஆயுள் எட்டு மாதம்கூட இல்லை. குற்றவியல் பக்கம் நிலைமை இன்னும் சிக்கலானது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபின், வழக்கை ரத்து செய்யக் கோரும் மனுவுக்கு நாம் பழகியிருந்த 482 என்ற எண் புதிய நடைமுறைச் சட்டத்தில் முன்ஜாமீனுக்கு உரியதாகிவிட்டது. ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. குற்றம் நடந்த நாளும் நடவடிக்கை தொடங்கிய நாளும் எதற்கு முன், எதற்குப் பின் என்பதைப் பொறுத்துப் பழைய சட்டமும் இன்னும் பல ஆண்டுகள் தேவைப்படும், ஆகவே பழைய வரைவுகளை அழித்துவிடவும் முடியாது. மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழும், பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவின் வடிவத்திலிருந்து, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் இரண்டு பகுதிகள் கொண்ட படிவமாக மாறியிருக்கிறது. உங்கள் வணிக வழக்குகள் எல்லாவற்றையும் இது தொடும். ஆகவே ஒவ்வொரு வரைவின் தலையிலும் இரண்டு விவரங்கள் இருந்தே தீர வேண்டும்: கடைசியாகச் சரிபார்த்த நாள், சரிபார்க்கும் பொறுப்புடையவரின் பெயர். ஓர் ஆண்டாகச் சரிபார்க்கப்படாத வரைவைப் பொதுக் கோப்புறையிலிருந்து எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். ஆயிரம் வரைவுகள் கொண்ட சேகரத்தைவிட, நம்பி எடுக்கக்கூடிய முப்பது வரைவுகள் கொண்ட சேகரம் உங்களுக்கு அதிகம் உதவும். இந்த வேலைக்கென்றே தனி வழக்கறிஞர்களை நியமித்துக்கொள்ளும் பெரிய லண்டன் நிறுவனங்களைப் போல உங்களால் செய்ய முடியாது. வாரத்தில் அரை நாளை ஒருவருக்கு ஒதுக்கி, அதைப் பலகையில் ஓர் அட்டையாகவே ஒட்டி, முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அறிவு மேலாண்மை பற்றிப் பேசும் ஆலோசகர்கள் அநேகமாக எப்போதும் மறந்துவிடும் ஒருவர் குமாஸ்தா. எந்த மனுவைப் பதிவுத்துறை எந்தக் குறைக்காகத் திருப்பும், நீதிமன்றக் கட்டணக் கணக்கில் எங்கே கேள்வி வரும், சான்றிட்ட நகலுக்கு எந்த நாளில் போட்டால் விரைவாகக் கிடைக்கும், எந்தப் பிரிவில் எந்த ஆவணத்தின் மொழிபெயர்ப்பைக் கேட்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஒரு மனு திரும்பி வந்து, குறை நீக்கி, மீண்டும் தாக்கலாகும் ஒவ்வொரு சுற்றிலும் நாள்கள் கரைகின்றன. தடையாணை தேவைப்படும் கட்சிக்காரருக்கு அந்த நாள்கள்தான் வழக்கு. திருப்பப்பட்ட ஒவ்வொரு மனுவுக்கும் காரணத்தை ஒரே ஏட்டில் எழுதிவையுங்கள். மூன்று மாதம் கழித்து அதைப் புரட்டினால், திரும்பத் திரும்ப வரும் குறைகள் சிலவே என்பது தெரியும். அவற்றை ஒரு பக்கச் சரிபார்ப்புப் பட்டியலாக்கித் தாக்கலுக்கு முன் பார்க்கச் செய்தால், நீங்கள் மென்பொருளுக்குச் செலவிட்ட தொகையைவிட அதிகம் மிச்சமாகும். குமாஸ்தாவைத் தட்டச்சு செய்து தரச் சொல்ல வேண்டாம். அவர் தமிழில் சொல்லட்டும், ஜூனியர் எழுதிக்கொள்ளட்டும், குறிப்பின் கீழே சொன்னவராகக் குமாஸ்தாவின் பெயர் இருக்கட்டும். அந்த மரியாதை அவருக்கு உரியது.

ஓய்வு பெறவிருக்கும் மூத்த பங்குதாரரிடம், தெரிந்ததையெல்லாம் எழுதித் தாருங்கள் என்று கேட்காதீர்கள். அவர் எழுத மாட்டார். எழுதினாலும் பொதுவான அறிவுரைகளாகவே அமையும். அவர் எதை ஏன் செய்கிறார் என்பது வழக்குக் கட்டு எதிரே விரிந்திருக்கும்போதுதான் வெளிவரும். இந்த ஓராண்டில் அவர் நடத்தும் ஒவ்வொரு குறுக்கு விசாரணைக்கும் முன்பு, ஒரு ஜூனியர் தானாகவே கேள்வித் திட்டம் ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளட்டும். விசாரணை முடிந்து சாட்சியப் படி வந்தபின், இரண்டையும் அருகருகே வைத்து அரை மணி நேரம் பேசட்டும்: இந்தக் கேள்வியை ஏன் தவிர்த்தீர்கள், அந்த ஆவணத்தை ஏன் மாலை வரை காட்டாமல் வைத்திருந்தீர்கள், சாட்சி ஒப்புக்கொண்டபின் ஏன் மேலும் கேட்காமல் அமர்ந்துவிட்டீர்கள் என்று. அவர் விரும்பினால் ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம். சமரசத்துக்குப் போகலாமா, வழக்கை நடத்தலாமா என்று கட்சிக்காரருக்கு அவர் அறிவுரை கூறும் சந்திப்புகளிலும், கட்சிக்காரரின் இசைவோடு, ஒரு ஜூனியர் அமர வேண்டும். உங்கள் கடிதத்தில் உள்ள எல்லாவற்றிலும் காலம் மிகக் குறைவாக இருப்பது இதற்குத்தான். பலகை இரண்டு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, இதை அடுத்த குறுக்கு விசாரணையிலேயே தொடங்கிவிடுங்கள்.

விலகிய ஜூனியர்களைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. வரைவுகள் அவர்களுடைய சொந்த மின்னஞ்சலிலும் பென்டிரைவிலும் இருந்தன என்றால், பொறுப்பு அலுவலகத்துடையது. அலுவலகக் கணக்கில் இயங்கும் பொதுக் கோப்புறை தவிர வேறெங்கும் கட்சிக்காரரின் ஆவணம் இருக்கக் கூடாது என்பதை முதல் நாளே விதியாக்குங்கள். ஜூனியர் தான் எழுதிய வரைவுகளைப் பார்த்துப் பெருமைப்படவும், விலகும்போது கட்சிக்காரர் விவரம் நீக்கிய மாதிரிகளை அனுமதியுடன் எடுத்துச் செல்லவும் வழி செய்யுங்கள், அப்போது ஒளித்து வைக்கும் தேவை குறையும். ஊதியத்தையும் பாருங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் 2024-இல் இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை போன்ற பெருநகரங்களில் மாதம் 20,000 ரூபாயாவது உதவித்தொகை தர வேண்டும் என்று அறிவுறுத்தியது. அதையும் தராத அலுவலகம் அறிவுச் சேகரம் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. சேர்க்கும் வேகத்தைவிட இழக்கும் வேகம் கூடுதலாகவே இருக்கும்.

பொதுச் சேகரத்தில் சேரும் எதிலும் கட்சிக்காரரின் இரகசியம் இருக்கக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கட்டு கட்சிக்காரருடையது, கட்டணப் பாக்கிக்காகக்கூட அதை நாம் பிடித்து வைக்க முடியாது என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-இல் சொல்லிவிட்டது. அதிலிருந்து நாம் கற்றது மட்டுமே அலுவலகத்துடையது. பெயர், தொகை, ஊர், அடையாளம் காட்டும் விவரம் எல்லாவற்றையும் நீக்கிய பின்னரே குறிப்பு பொதுக் கோப்புறைக்குப் போக வேண்டும். ஒரே தொழிலில் போட்டியிடும் இரு நிறுவனங்களுக்கு உங்கள் அலுவலகம் ஆலோசனை சொல்கிறது என்றால், ஒருவரின் அட்டைகள் மற்றவருக்கு வேலை செய்யும் குழுவின் கண்ணில் படாதபடி தனிப் பலகை வைக்க வேண்டும். வெளிப்படைத்தன்மை என்ற அஜைல் கொள்கை நம் தொழிலில் வந்து நிற்கும் எல்லை இது.

செயற்கை நுண்ணறிவுக் கருவி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில், ஏவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கித் தந்த, உலகில் எங்கும் இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கருவி உங்கள் சேகரத்திலிருந்து தேடித் தரலாம். சேகரம் இல்லாத இடத்தில், அல்லது காலாவதியான வரைவுகள் நிரம்பிய இடத்தில், தவறானதை மேலும் விரைவாகத் தேடித் தரும். கட்சிக்காரரின் ஆவணங்களைப் பொதுப் பயன்பாட்டுக் கருவி எதிலும் ஏற்றக் கூடாது என்று இன்றே எழுத்தில் தடை விதியுங்கள். வாங்குவதா இல்லையா என்ற முடிவை, முப்பது நல்ல வரைவுகள் சேர்ந்தபின் எடுத்துக்கொள்ளலாம்.

ஒப்பந்த ஆலோசனைப் பிரிவை நான் விட்டுவிடவில்லை. அங்கே நீதிமன்றத்தின் குறுக்கீடு இல்லை. ஒரு நிறுவனத்தை வாங்குவதற்கு முன் ஆவணங்களை ஆய்வது, நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்களைப் புதுச் சட்டத்துக்கேற்ப மாற்றுவது போன்ற வேலைகளுக்கு ஸ்க்ரம்மின் இரண்டு வாரச் சுற்று நன்றாகவே பொருந்தும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கண்டவற்றைக் கட்சிக்காரரிடம் காட்டினால், அவருக்குத் தேவையில்லாத ஆய்வில் மாதக்கணக்கில் உழைப்பது தவிர்க்கப்படும். அந்தப் பிரிவைக் கவனிக்கும் பங்குதாரர் விரும்பினால் அதை ஆறு மாதம் கழித்துத் தொடங்கட்டும்.

இனி உங்கள் பெரிய கட்சிக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்பது. மாத அறிக்கைக்கு இப்போதே சம்மதியுங்கள். பலகையின் கட்டங்களையே அறிக்கையின் தலைப்புகளாக வைத்துக்கொண்டால், அவருடைய வேலைகளை மட்டும் எடுத்து எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அவரிடமே தேங்கி நிற்கும் வேலைகளையும், எத்தனை நாளாக நிற்கின்றன என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். அவர்களுடைய சட்டப் பிரிவு அதைப் பார்த்தபின் ஆவணங்கள் விரைவாக வரத் தொடங்கும். கட்டணத்தை மட்டும் ஆறு மாதம் கழித்துச் சொல்வதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வழக்குரைக்கு எத்தனை நாள் பிடித்தது, எத்தனை முறை திரும்பியது, ஓர் இடைக்கால மனு எத்தனை வாய்தாக்களில் முடிந்தது என்ற உங்கள் சொந்தக் கணக்கு அதற்குள் பலகையிலிருந்து கிடைத்துவிடும். அதை வைத்து, வழக்கு முழுவதற்கும் ஒரே தொகை என்று ஒப்புக்கொள்ளாமல், வழக்குரை, இடைக்கால மனு, சாட்சி விசாரணை, இறுதி வாதம் என்று கட்டத்துக்கு ஒரு தொகையைச் சொல்லுங்கள். குறித்த எண்ணிக்கைக்கு மேல் விசாரணை நாள்கள் போனால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெற்றி பெற்றால் இவ்வளவு என்று அவர்கள் பேச்சை எடுத்தால், இந்திய பார் கவுன்சில் விதிகளின் 20-ஆம் விதி வழக்கின் முடிவைப் பொறுத்த கட்டணத்தைத் தடை செய்கிறது என்பதை முதல் கூட்டத்திலேயே தெளிவுபடுத்திவிடுங்கள். முதல் மாத அறிக்கையில் எதுவும் அசையாத வழக்குகள் சில இருக்கத்தான் செய்யும். அவற்றையும் உள்ளபடியே எழுதி, அடுத்து நாம் செய்ய வேண்டியது எது, எந்த நாளுக்குள் என்ற இரண்டு விவரங்களை அவற்றின் கீழே சேர்த்து அனுப்புங்கள்.